தேடின மாதாவுக்கு ஒரு போத்தல் தண்ணீர்

1

எங்கள் கோயில் பேஸ்மென்ற் சுவரில் இப்போது ஓர் ஆணியும், அதற்குக் கீழே வெளிறிய ஒரு நீள்சதுரமும் மட்டும்தான் இருக்கின்றன. அங்கே தொங்கிய படத்தைக் கழற்றிக்கொண்டு போய் இந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருடம். ஆணியைப் பிடுங்கிவிட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். தேநீர் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. மூலையில் செழித்து நின்ற மணிப்பிளான்ற் செடியும் வாடிப் போய்விட்டது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குக் கோயில் பேஸ்மென்ற் என்றால் என்னவென்று விளங்காது. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கமாக, இத்தாலியர்கள் கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. மேலே பளிங்குப் பீடம், நிறக் கண்ணாடி யன்னல்கள், ஆங்கிலப் பூசை. கீழே, நிலத்துக்கு அடியில், ஒரு பெரிய மண்டபம். மடக்குக் கதிரைகள், கோப்பி மெஷின், கால் ஆடுகிற பிங்பொங் மேசை. சனிக்கிழமை பின்னேரங்களில் அது எங்களுடையது. செபமாலை, தமிழ்ப் பூசை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, கடைசியில் றோல்சும் தேநீரும். கீழே இருக்கிறோம் என்று நாங்கள் குறைப்பட்டதில்லை. வெப்பம் தருகிற ஃபேர்னஸ் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. பனிக்காலத்தில் மேலே இருக்கிறவர்களைவிட எங்களுக்குச் சுகம் அதிகம்.

என் பெயர் ரீற்றா. பிறந்தது ஊர்காவற்றுறையில். கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் இந்த மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் இருக்கும். திறப்பு வைத்திருக்கிறவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு ஈ கூடப் பறக்காது என்று என் கணவர் அன்ரன் சொல்வார். அதை அவர் புகழ்ச்சியாகச் சொல்வதில்லை.

2

நாங்கள் அந்த மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே படம் அங்கே இருந்தது. கோயிலைக் கட்டிய காலத்தில் ஓர் இத்தாலியக் குடும்பம் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். மேலே புதிய சுரூபங்கள் வந்தபோது இதைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். வேண்டாத சாமானெல்லாம் பேஸ்மென்ற்றுக்குத்தானே வரும்.

ஏறக்குறைய ஓர் ஆள் உயரமான எண்ணெய் ஓவியம். நீலத் துணியால் தலையை மூடிய ஒரு பெண் கல்லின்மேல் இருக்கிறாள். சாதாரண மனிதருக்கு இருக்க முடியாத நீளமான கழுத்து. விரல்கள் முருங்கைக்காய் போல. தலை மட்டும் சின்னது. உடம்பு ஒரு பக்கம், முகம் மறுபக்கம். அப்படி ஐந்து நிமிடம் இருந்தால் எங்களுக்கு நாரி பிடித்துவிடும். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு பற்றைக்கு அடியில் ஒரு சிறுவன் படுத்திருக்கிறான். மேலே ரோஸ் நிறத்திலும் எலுமிச்சை மஞ்சளிலும் உடுத்த, சிறகு விரித்த ஒரு சம்மனசு, கையை நீட்டிக் கீழ்மூலையில் எதையோ காட்டுகிறார். மேலே தொங்கிய காலத்துத் திரிப்புகையோ என்னவோ, அந்த மூலை கரியாக இருந்தது. ஒன்றும் தெரியாது.

எங்களுக்குச் சூசைப்பிள்ளை அண்ணை என்று ஒரு சக்கிடுத்தார் இருக்கிறார். பீடத்தை ஆயத்தப்படுத்துவது, ஃபாதருக்குத் திருவுடை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் நாளே அவர் படத்துக்கு முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"நீல முக்காடு. பக்கத்தில சம்மனசு. ஒரு பிள்ளை. மாதா இல்லாமல் வேற ஆர்?"

"பிள்ளை பெரிசாக் கிடக்கே அண்ணை," என்றார் அன்ரன்.

"பன்னிரண்டு வயசில கோயிலில துலைஞ்ச யேசுதான் உது. மாதா மூண்டு நாளாத் தேடினவ எல்லோ. அதுதான் முகத்தில உந்தக் கவலை."

அன்றைக்கே பெயர் நிலைத்துவிட்டது. தேடின மாதா. அடுத்த சனிக்கிழமை யாரோ மாலை போட்டார்கள். அதற்கடுத்த கிழமை ஆறு மெழுகுதிரி எரிந்தது. அகதி வழக்குக்கு, கார் லைசென்ஸ் சோதனைக்கு, தாதியர் பரீட்சைக்கு என்று நேர்த்திகள் வரத் தொடங்கின. சித்தியடைந்தவர்கள் அவலும் கடலையும் கொண்டுவந்து பகிர்ந்தார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் கூடுதலாக நின்றவர்கள், யாரையாவது தேடிக்கொண்டிருந்தவர்கள்தான். எங்கள் சனத்தில் அப்படி ஒருவராவது இல்லாத வீடு குறைவு.

3

அவர்களில் ஒரு கிழமைகூடத் தவறாதவர் ஜெசிந்தா அக்கா. மன்னார்ப் பெருநிலத்துக்காரர். கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை வரைக்கும் போனவர். இப்போது மல்வேர்னில் மூத்த மகளோடு இருக்கிறார். இளையவன் அமலன் இல்லை. இல்லை என்று நான் எழுதக்கூடாது. அவர் அப்படிச் சொல்வதில்லை. "அமலன் இன்னும் வரேல்லை" என்பார், பஸ் பிந்திவிட்டது என்பதுபோல.

நான் கதவைத் திறக்கப் போகும்போது அவர் வாசலில் நிற்பார். பனி கொட்டினாலும் இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். நேரே படத்துக்குப் போவார். பூவும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. கைப்பைக்குள்ளிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, மூடியைக் கழற்றி, படத்துக்குக் கீழே நிலத்தில் வைப்பார். கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு செபமாலைக்கு வந்து இருப்பார்.

மந்திரித்துக் கொண்டுபோக வைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் அதைத் திருப்பி எடுப்பதேயில்லை. பூசை முடிந்து கதிரை மடிக்கும்போது போத்தல் அங்கேயே நிற்கும். திறந்த போத்தல், வழுக்குகிற நிலம், ஓடித்திரிகிற பிள்ளைகள். ஒருமுறை சக்கிடுத்தாரே வழுக்கினார். அதன்பிறகு, 'தயவுசெய்து படத்தின் முன் தண்ணீர் வைக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் அடித்து ஒட்டினேன். ஜெசிந்தா அக்கா அதை நின்று வாசித்தார். தலையாட்டினார். அடுத்த கிழமை, யாருடைய காலும் படாமல் சுவரோடு ஒட்டிப் போத்தலை வைத்தார். அதற்குமேல் என்ன செய்வது? ஒவ்வொரு கிழமையும் அந்தத் தண்ணீரை எடுத்து மூலையில் நின்ற மணிப்பிளான்ற்றுக்கு ஊற்றினேன். செடி நெருப்பு அலாரம் வரைக்கும் ஏறிவிட்டது.

ஏன் என்று நான் கேட்டதில்லை. காணாமல்போன பிள்ளையைப் பற்றித் தாயிடம் நாங்களாக எதையும் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருவரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறோம்.

4

எங்கள் மகள் மெலனி பல்கலைக்கழகத்தில் ஓவிய வரலாறு படிக்கிறாள். கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் அன்ரன் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். பதினேழு வயதில் அவள் பூசைக்கு வருவது நின்றது. முதலில் சனிக்கிழமை வேலை என்றாள். பிறகு அசைன்மென்ற் என்றாள். பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. நகரத்துக்குள் சிநேகிதிகளோடு வீடு எடுத்துப் போய்விட்டாள். நான் நாலு வரி எழுதி அனுப்பினால் பதிலுக்கு ஒரேயொரு எழுத்து வரும். சண்டை பிடித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானம் செய்யலாம். சண்டையே பிடிக்காத பிள்ளையோடு என்ன செய்கிறது? எனக்கு அது பெரிய நோவாகத்தான் இருந்தது.

போன வருடம் ஈஸ்டர் ஒன்றுகூடலுக்குப் பிறகு பெரிய சோற்றுப் பானைகளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்ரனுக்கு வேலை. காரை எடுத்துக்கொண்டு மெலனி வந்தாள். பூசைக்கு வருவதை நிறுத்திய பிறகு அந்தப் படிகளில் அவள் இறங்கியது அன்றைக்குத்தான். பானையைத் தூக்குவாள் என்று பார்த்தால் படத்துக்கு முன்னால் நிற்கிறாள். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மாதாவே, பிள்ளைக்கு மனம் திரும்பிவிட்டது என்று எனக்குள் சந்தோசப்பட்டேன். கிட்டப் போனால், போன் வெளிச்சத்தைப் படத்தின் கீழ்ப்பக்கத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, இது மேரி இல்லை."

"மெல்லக் கதை. ஆக்களுக்குக் கேக்கும்."

"ஐ ஆம் சீரியஸ். இஞ்ச பாருங்கோ, இவவின்ர காலடியில ஒரு லெதர் பாக். வோட்டர் பாக். எம்ப்டி. தண்ணி முடிஞ்சுது. அந்தப் பொடியன் பற்றைக்குக் கீழ. அவ அந்தப் பக்கம் பார்க்க மாட்டா. அம்மா, இது ஹேகர். ஏப்ரகாம் வீட்டு வேலைக்காரி."

ஹேகர் என்றால் ஆகார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்த அடிமைப் பெண். சாராவுக்குப் பிள்ளை பிறந்தபிறகு, அப்பமும் ஒரு தோற்பை தண்ணீரும் கொடுத்து மகனோடு பாலைவனத்துக்கு அனுப்பிவிடப்பட்டவள். தண்ணீர் முடிந்ததும் பிள்ளையைப் பற்றைக்கு அடியில் கிடத்திவிட்டு, அவன் சாவதைப் பார்க்க முடியாது என்று தூரத்தில் போய் இருந்து அழுதவள். பூசையில் எப்போதாவது அந்த வாசகம் வரும். யாரும் அதைக் கவனித்துக் கேட்பதில்லை.

"அப்ப ஏன் கழுத்தை இப்படி இழுத்து வைச்சிருக்கிறான்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"அது மேனரிசம் அம்மா. இத்தாலியில பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வடிவா, பேர்ஃபெக்ற்றா வரைஞ்சு முடிச்சிட்டினம். அதுக்குப் பிறகு வந்த ஆட்கள் அப்படி வரைய விரும்பேல்லை. உடம்பை நீட்டினவை, முறுக்கினவை. பார்த்தா நிம்மதியா இருக்கக்கூடாது. அதுதான் ஐடியா."

அவள் என்னோடு இவ்வளவு தமிழில் தொடர்ந்து பேசி வருடக்கணக்காகிறது. மாதா இல்லை என்ற கவலைக்கு நடுவில் அதையும் கவனித்தேன்.

5

மெலனி படமெடுத்துத் தன் பேராசிரியைக்கு அனுப்ப, அவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய ஓவியரின் கை இல்லை, ஒரு சீடன் வரைந்ததாக இருக்கலாம், ஆனால் காலத்தால் உண்மையிலேயே பழையது என்றார்கள். ஆகார்தான் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு மேலே இருந்தவர்களுக்கெல்லாம் பேஸ்மென்ற்றுக்குப் படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர் வந்தார். மெழுகுதிரி கூடாது என்றார். பற்றரியில் மினுங்குகிற பிளாஸ்டிக் திரிகள் ஒரு பெட்டி வந்து இறங்கியது.

மேலே இருக்கிறவர்களின் பங்குச் சபைக் கூட்டத்துக்கு எங்கள் சார்பில் நான் போனேன். படத்தில் இருக்கிறவர் எங்களுக்குத் தாய் மாதிரி என்று உருக்கமாகத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டக் குறிப்பில் அந்தப் படம் ரீற்றாவின் தாயாருக்குச் சொந்தமானது என்று எழுதிவிட்டார்கள். தாயாரின் உரிமைப் பத்திரங்களை அனுப்பும்படி மின்னஞ்சல் வந்தது. அம்மா ஊர்காவற்றுறைச் சேமக்காலையில் நித்திரையாகி எத்தனையோ காலம். உயிரோடு இருந்த காலத்தில் அவவிடம் இருந்த ஒரே படம் பால்மாக் கம்பெனிக் கலண்டர். அந்த ஒரு வசனத்தை அழிப்பிக்க நான் எழுதிய மின்னஞ்சல்கள் நிலைமையை இன்னும் சிக்கலாக்கின. கடைசியில் மெலனிதான் எழுதி முடித்தாள். அந்த நாட்களில் தினமும் போன் எடுத்தாள். படத்தைப் பற்றிப் பேசத்தான் எடுத்தாள். இருந்தாலும் எடுத்தாள்.

முடிவு இதுதான்: பேஸ்மென்ற் ஈரம் படத்துக்குக் கூடாது. நகரத்து ஓவியக்கூடம் ஒன்று அதைச் சுத்தம் செய்து தன்னிடமே வைத்திருக்கும்.

எங்கள் ஆட்களின் கூட்டம் அமைதியாகத்தான் தொடங்கியது.

"அப்ப இவ்வளவு காலமும் ஒரு வேலைக்காரிக்கோ மெழுகுதிரி கொளுத்தினனாங்கள்?" என்று கேட்டார் சக்கிடுத்தார்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அரைவாசிப் பேர் இந்த நாட்டுக்கு வந்து முதலில் செய்த வேலை, மற்றவர்களின் வீடு கூட்டிக் கழுவியதுதான். அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். தேநீரை எடுத்துக் குடித்தார்.

எங்கள் ஃபாதர் தமிழ்நாட்டுக்காரர், இளையவர். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "செபம் எல்லாம் போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்குங்க. அட்ரஸ் மாறிப்போச்சேன்னு யாரும் கவலைப்படாதீங்க."

சனம் சிரித்தது. பிறகு யாரோ மெல்லக் கேட்டார்கள். "ஜெசிந்தா அக்காவுக்கு ஆர் சொல்லுறது?" அவருக்குக் காய்ச்சல், அன்றைக்கு வந்திருக்கவில்லை. எல்லோரும் திறப்பு வைத்திருக்கிறவளைப் பார்த்தார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தேடின மாதா மூன்றாம் நாள் பிள்ளையைக் கண்டுபிடித்தவர். ஜெசிந்தா அக்கா இத்தனை காலமும் பிடித்துக்கொண்டு நின்றது அந்த மூன்றாம் நாளைத்தான். இப்போது நான் போய், அக்கா, நீங்கள் கும்பிட்டது கண்டுபிடித்தவளை இல்லை, பிள்ளை சாவதைப் பார்க்க ஏலாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவளை என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டபிறகு அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

சொல்லாமலே விட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு செய்தி மல்வேர்னுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் பகிடியாகச் சொல்லி அவர் கேட்கக்கூடாது.

6

அடுத்தநாள் மெலனி என்னை மல்வேர்னுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். தான் காருக்குள் இருப்பதாகச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

ஜெசிந்தா அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. எங்களை மேசையில் இருத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"படத்தைக் கழட்டப் போறாங்களாம். மகள் சொன்னவள்," என்றார்.

"ஓம் அக்கா. அதோட இன்னொண்டு. அது மாதா இல்லையாம்."

கத்தி நின்றது. "அப்ப ஆர்?"

சொன்னேன். ஆபிரகாம் வீட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். தோற்பையில் தண்ணீர் முடிந்தது என்ற இடத்தில் அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிள்ளையைப் பற்றைக்குக் கீழ் கிடத்திவிட்டுத் தூரத்தில் போய் இருந்தாள் என்றபோது யன்னல் பக்கம் பார்த்தார்.

"தண்ணி கிடைச்சுதோ?" என்று கேட்டார்.

"என்ன அக்கா?"

"பொடியனுக்கு. தண்ணி கிடைச்சுதோ?"

"கிடைச்சது அக்கா. சம்மனசு வந்து சொன்னபிறகு அவ கண்ணைத் திறந்து பார்த்தா பக்கத்தில கிணறு. அள்ளிக் குடுத்தவ."

ஜெசிந்தா அக்கா கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து இருந்தார். அன்றைக்குத்தான் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை.

"களப்பைத் தாண்டி ஆமியின்ர பக்கம் போனாப் பிறகு, பஸ்ஸில ஏத்திறதுக்கு எங்களை ஒரு வெளியில இருத்தினவங்கள். அமலன் ஒரு மரத்துக்குக் கீழ இருந்தவன். அம்மா, தண்ணி விடாய்க்குது எண்டான். தூரத்தில தண்ணிப் பவுசர் நிண்டது. நான் போத்தலைக் கொண்டுபோய் லைனில நிண்டன். நல்ல நேரம் எடுத்தது. கொண்டுவந்தா மரத்தடியில ஒருத்தரும் இல்லை. பொடியளைத் தனியா ஒரு பஸ்ஸில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். விசாரிச்சிட்டு விடுவினம் எண்டு பக்கத்தில நிண்டவை சொல்லிச்சினம். போத்தல் என்ர கையில இருந்தது. அவன் குடிக்கேல்லை."

"அப்ப நீங்கள் கோயிலில வைக்கிற தண்ணி மாதாவுக்கு இல்லையோ?" என்றேன்.

"மாதாவுக்கு என்னத்துக்குத் தண்ணி? அந்தப் பொடியனுக்கு. நீ பார்க்கேல்லையோ ரீற்றா, வாய் காஞ்சு கிடக்கிறான்."

நான் ஒட்டிவைத்த அறிவித்தல் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மண்டபத்தில் அந்தப் படத்தை எவ்வளவோ காலம் தூசி தட்டியவள் நான். சிறுவனின் வாயை ஒருநாளும் பார்த்ததில்லை.

"கிணறு எண்டு சொல்லுறியள். படத்தில கிணறு எங்க?" என்று ஜெசிந்தா அக்கா மெலனியைக் கேட்டார்.

மெலனி சொற்களைத் தேடித்தேடிச் சொன்னாள். "ஏஞ்சல் காட்டுற இடத்தில இருக்கவேணும் அன்ரி. ஆனா அந்தக் கோர்னர் எல்லாம் கறுப்பு. மெழுகுதிரிப் புகை. கிளீன் பண்ணினாத் தெரியும் எண்டு நினைக்கிறன். ஷுவர் இல்லை."

"தெரிஞ்சாச் சொல்லு பிள்ளை," என்றார். எழும்பிக் கத்தியை எடுத்தார். வாசல் வரைக்கும் வந்தபோது பின்னால் குரல் கேட்டது. "அந்தப் பொடியன் பிறகு என்ன ஆனவன்?"

"வளந்து பெரியாள் ஆனவன் அக்கா. தாய்தான் பொம்பிளை பார்த்துக் கட்டிவைச்சவ."

"தாய் பார்த்தவவோ?"

"ஓம்."

"அமலனுக்கும் பார்க்கவேணும்," என்றார். "வயசு போகுது."

காரில் ஏறியதும் மெலனி உடனே இயக்கவில்லை. ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் குப்பை வாளியை உள்ளே எடுத்துக்கொண்டு போகும்போது எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நாங்களும் காட்டினோம்.

7

படத்தைக் கழற்றிய நாளில் நாலு பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். மாலையைக் கழற்ற மட்டும் எங்களிடம் அனுமதி கேட்டார்கள். அதன்பிறகும் ஜெசிந்தா அக்கா சனிக்கிழமைகளில் வந்தார். செபமாலைக்கு நேரே போய் இருந்தார். போத்தல் கைப்பைக்குள் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. அந்த ஆணிக்கு முன்னால் யாருக்கு வைக்கிறது? மணிப்பிளான்ற் வாடத் தொடங்கியதும் அதோடுதான்.

இந்த வருடம் பனி உருகத் தொடங்கியபோது மெலனி போன் எடுத்தாள். "அம்மா, பெயின்ரிங் இப்ப ரெடி. சுவரில மாட்டியாச்சு. நீங்கள் வாங்கோ, அன்ரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"கிணறு இருக்குதோ?"

"நான் சொல்ல மாட்டன். அன்ரி முதல் பார்க்கட்டும்."

பஸ் எடுத்து, சப்வே எடுத்துப் போனோம். ஜெசிந்தா அக்கா மாதா திருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, அதற்குமேல் தடித்த ஜக்கற் போட்டிருந்தார். ஓவியக்கூட வாசலில் காவலாளி கைப்பையைத் திறக்கச் சொன்னார். போத்தலைக் கண்டதும் உள்ளே தண்ணீர் கொண்டுபோக முடியாது என்றார்.

"உள்ள ஒரு பொடியன் கிடக்கிறான்," என்று ஜெசிந்தா அக்கா அவருக்குத் தமிழில் சொன்னார். "அவனுக்கு."

காவலாளி மரியாதையாகச் சிரித்தார். மெலனி போத்தலை வாங்கி ஒரு லொக்கருக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை அன்ரியின் கையிலேயே கொடுத்தாள்.

படம் ஒரு பக்கத்து அறையில் தொங்கியது. எங்கள் மண்டபத்தில் இருந்த படம்தானா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு நிறங்கள் வெளியே வந்திருந்தன. சம்மனசின் மஞ்சள் கண்ணைக் குத்தியது. கழுத்து மட்டும் அதே நீளம். பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் அவளுடைய சரியான பெயர் இருந்தது. கீழ்மூலையில் கரி இல்லை. இரண்டு கற்கள், அவற்றுக்கு நடுவில் தண்ணீர். பெரிய கிணறெல்லாம் இல்லை, ஓர் உள்ளங்கை அளவு. வானத்தின் வெளிச்சம் அதில் விழுவதுபோல ஒரு வெள்ளைக் கீறு. அதற்கு முன்னால்தான் நாங்கள் அவ்வளவு காலமும் திரி கொளுத்தியிருக்கிறோம்.

ஜெசிந்தா அக்கா குனிந்தார். கிட்டப் போகவேண்டாம் என்று ஒரு குரல் வந்தது. ஓரடி பின்னால் வந்து மறுபடி குனிந்தார். தண்ணீரைப் பார்த்தார், சிறுவனைப் பார்த்தார், இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுபோல் மாறி மாறிப் பார்த்தார். சிலுவை போடவில்லை, செபம் சொல்லவில்லை.

"இருக்குது," என்றார்.

பிறகு போவோம் என்று திரும்பிவிட்டார். அவ்வளவு தூரம் வந்தது அந்த ஒரு மூலையைப் பார்க்கத்தான். மற்ற அறைகளைக் காட்ட மெலனி ஆசைப்பட்டாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

லொக்கரைத் திறந்து போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். வாசல் படியில் வெயில் இருந்தது. ஜெசிந்தா அக்கா வழக்கம்போல மூடியைக் கழற்றினார். கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். வைக்கிறதுக்கு இடம் இல்லை. கையில் திறந்த போத்தலோடு கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்தா பிள்ளை, குடி," என்று மெலனியிடம் நீட்டினார்.

மெலனி வேறொருவரின் போத்தலில் குடிக்கிற பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக் கிளாஸைக்கூட ஒருமுறை கழுவிவிட்டுத்தான் குடிப்பாள். என்னைப் பார்த்தாள். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"இல்லை, முழுக்கக் குடி. விடாய்ச்சுப்போய் நிக்கிறாய்."

மெலனி தலையை அண்ணாந்து குடித்தாள். நின்றவர்கள் போனவர்கள் எல்லாம் பார்க்க, மூச்சுவிட ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி குடித்தாள். ஜெசிந்தா அக்கா அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார், கடைசி மிடறு இறங்கும் வரைக்கும். பிறகு வெறும் போத்தலை வாங்கி, மூடியைப் பூட்டி, கைப்பைக்குள் வைத்தார்.